வண்டி சர்வீஸுக்கு ஆப் செய்வதென்றால் பட்டறையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் மூன்று நண்பர்கள் வண்டி சர்வீஸுக்கு ஒரு மொபைல் ஆப் செய்யப் போகிறார்கள். ஒருவருடைய தாய்மாமா கே.கே. நகர் பக்கம் டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். முதலில் அங்கேதான் ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். வண்டி வைத்திருப்பவர் ஆப்பைத் திறந்து நேரம் பதிவு செய்ய, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, பழைய சர்வீஸ் விவரங்களைப் புரட்ட, அடுத்த சர்வீஸுக்கு நினைவூட்டல் பெற என்று 14 ஸ்க்ரீன்கள் வரைந்தாயிற்று. எதில் தொடங்குவது, டேட்டாபேஸை எப்படி அமைப்பது, வண்டியின் கணினியிலிருந்து பழுதைப் படிக்கும் ஓபிடி கருவியோடு இணைக்கலாமா, ஐஃபோனுக்கும் வேண்டுமா, எவ்வளவு வசூலிக்கலாம் என்பவை கேள்விகள்.

ஒர்க்‌ஷாப்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த 14 ஸ்க்ரீனையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். எல்லாமே வண்டிக்காரருக்கானவை. வண்டிக்காரர் பட்டறைக்கு வருவது வருடத்துக்கு மூன்று, நான்கு தடவை. அதற்காக ஒரு ஆப்பை யாரும் போனில் வைத்திருக்க மாட்டார்கள். இடம் போதவில்லை என்று போன் சொன்னால் முதலில் அழிபடுவது அதுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்த ஆப்பில் நீங்கள் காட்டப்போகும் எந்தத் தகவலும் வண்டிக்காரருக்குத் தெரிந்ததல்ல. எந்த ஆயில் ஊற்றினார்கள், எத்தனை கிலோமீட்டரில் செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றினார்கள், பிரேக் ஷூ இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் பட்டறைக்குள் நடப்பது. அங்கே பதிவாகாவிட்டால் வாடிக்கையாளர் ஆப்பைத் திறந்து பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. வீட்டுக்குப் போய் பில்லைப் பார்த்து அவரே டைப் செய்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் தடவை ஆர்வத்தில் செய்வார், இரண்டாவது தடவை பில்லையே தொலைத்திருப்பார்.

ஆகவே செய்ய வேண்டியது பட்டறைக்கான ஆப். அதிலும் ஜாப் கார்டு, அதாவது வண்டி வந்ததும் போடும் வேலைச் சீட்டு, ஒன்றுதான் உயிர். அதைச் சரியாகச் செய்துவிட்டால் வரலாறு, நினைவூட்டல், பில் எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை மாமாவின் பட்டறையில் ஓரமாக நின்று பாருங்கள். ஆபீசுக்குப் போகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டு ஓடும் நேரம் அது. “அண்ணே, ஜெனரல் சர்வீஸ் பண்ணிடுங்க, அப்புறம் காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, முன் பிரேக் பிடிக்கல, சாயந்திரம் ஆறு மணிக்கு வருவேன்” என்று ஒரே மூச்சில் சொல்லி, சாவியைக் கையில் திணித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். மாமா நோட்டில் வண்டி நம்பரும் போன் நம்பரும் எழுதுவார். ‘ஜெ.ச, ஸ்டார்ட்டிங்’ என்றும் எழுதுவார். முன் பிரேக் மட்டும் விட்டுப்போகும். சாயந்திரம் சண்டை அதில்தான் வரும்.

உங்கள் ஆப்போடு போட்டி போடுவது அந்த நோட்டுதான், வேறு ஆப் எதுவும் இல்லை. நோட்டில் ஒரு வண்டியைப் பதிய அரை நிமிடம் ஆகிறது. நீங்கள் அதற்கு இரண்டு நிமிடம் எடுத்தால், மூன்றாம் நாள் உங்கள் ஆப் இருந்த போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் முதல் ஸ்க்ரீனில் நான்கே விஷயம் போதும்: வண்டி நம்பர், போன் நம்பர், மீட்டரின் போட்டோ, வாடிக்கையாளர் சொன்ன புகார். ஓடிபி கேட்பது, லாகின் கேட்பது, இமெயில் கேட்பது எதுவும் வேண்டாம். வண்டி ஏற்கெனவே வந்ததென்றால் நம்பரைப் போட்டதும் மற்றவை தானாக நிரம்ப வேண்டும்.

புகாரை டைப் செய்ய வைக்காதீர்கள். பட்டறையில் கை எப்போதும் கிரீஸும் ஆயிலுமாக இருக்கும், டச் ஸ்க்ரீன் அந்த விரலுக்குக் கட்டுப்படாது. பெரிய பட்டன்களாக வையுங்கள். அதிலும் அவர்கள் பேசும் சொல்லிலேயே வையுங்கள்: ஸ்டார்ட்டிங் ட்ரபிள், பிக்கப் இல்லை, மைலேஜ் குறைவு, பிரேக் பிடிக்கவில்லை, செயின் சத்தம், புகை வருகிறது, ஹெட்லைட் எரியவில்லை. பட்டியலில் இல்லாததற்கு ஒரு மைக் பட்டன். வாடிக்கையாளர் சொல்லும்போதே பத்து வினாடி அவர் குரலைப் பதிவு செய்துகொண்டால் போதும், அதை எழுத்தாக மாற்றும் வேலையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாயந்திரம் “நான் பிரேக் சொன்னேனே” என்றால் குரலே பதில் சொல்லிவிடும். பதிவு செய்வதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதைக் குழப்பிவிடுகிறார்கள். வாடிக்கையாளர் சொன்னது, மெக்கானிக் கண்டுபிடித்தது, கடைசியில் செய்த வேலை ஆகிய மூன்றும் வேறு வேறு. ‘மைலேஜ் குறைவு’ என்பது புகார். ‘பின் பிரேக் உரசிக்கொண்டே ஓடுகிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது’ என்பது கண்டுபிடிப்பு. ‘பிரேக் ஷூ கிளீன் செய்து அட்ஜஸ்ட், ஃபில்டர் மாற்றம்’ என்பது வேலை. மூன்றையும் ‘விவரம்’ என்று ஒரே பெட்டிக்குள் போட்டால், அதே வண்டி இரண்டு மாதம் கழித்து அதே புகாரோடு திரும்பும்போது போன தடவை என்ன பார்த்தோம், எதைப் பார்க்காமல் விட்டோம் என்று யாருக்கும் தெரியாது. நல்ல மெக்கானிக்குக்கு இந்த மூன்றும் மண்டைக்குள் தனித்தனியாகத்தான் இருக்கும். 1912-லேயே டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் ஓட்டத் தொடங்கிய ஊர் இது, வண்டி வேலையில் ஆப் வந்து யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர்கள் மண்டையில் இருப்பது கலையாமல் இறங்கி வர இடம் கொடுத்தால் போதும்.

அடுத்தது வண்டி நம்பர். மதுரையில் டிஎன் 58, 59, 64 மூன்றும் ஓடும். பக்கத்துத் தேனியிலிருந்து 60, திண்டுக்கல்லிலிருந்து 57, விருதுநகரிலிருந்து 67 வரும். இதற்கெல்லாம் ஒரே வடிவம் என்று நினைத்து சரிபார்ப்பு விதி எழுதிவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 2021-ல் வந்த பிஎச் (பாரத்) வரிசையில் வருடம் முன்னால் வரும், மாநில எழுத்தே இருக்காது. 1989-க்கு முன் பதிவான பழைய புல்லட், லாம்ப்ரெட்டாவுக்கு டிஎன் 58 மாதிரியான வடிவமே கிடையாது. ஷோரூமிலிருந்து நேரே வந்த வண்டிக்கு நம்பரே வந்திருக்காது. ஆகவே வடிவம் பொருந்தாவிட்டால் ஒரு மஞ்சள் எச்சரிக்கை காட்டுங்கள், சேமிக்க விடாமல் தடுக்காதீர்கள். டேட்டாபேஸில் வண்டியின் அடையாளமாக நம்பரை வைக்காதீர்கள், உள்ளே தனி அடையாளம் ஒன்று கொடுங்கள். வேறு மாநிலத்திலிருந்து மாற்றிப் பதிந்தால் நம்பர் மாறும், வண்டி மாறாது.

தேடலையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் யாரும் முழு நம்பரைச் சொல்ல மாட்டார்கள். “அந்த 4721-ஐ வெளியே எடுடா” என்பார்கள். கடைசி நான்கு எண்ணைத் தட்டினால் வண்டி வந்து நிற்க வேண்டும். இந்த ஒரு வசதிக்காகவே ஆப்பைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

வண்டியும் ஆளும் தனித்தனி அட்டவணையாக இருக்கட்டும், நடுவில் ஓர் இணைப்பு அட்டவணை. அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகன், பட்டறைக்குக் கொண்டுவருவது தம்பி, ஜிபேயில் பணம் போடுவது அக்கா. இது சாதாரணம். யாருக்கு மெசேஜ் போக வேண்டும் என்பதை இணைப்பில்தான் குறிக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதும் அதில் வேண்டும், ஏனென்றால் வண்டி விற்கப்படும். விற்ற பிறகு அந்த வண்டியின் வேலை வரலாறு புது ஆளுக்கு உதவும், ஆனால் பழையவருடைய பெயர், போன், கட்டிய தொகை எதுவும் அவருக்குத் தெரியக் கூடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் தகவலைப் பயன்படுத்தச் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், பழைய ஓனருக்குத் தொடர்ந்து “உங்கள் வண்டிக்கு ஆயில் மாற்றும் நேரம்” என்று மெசேஜ் போனால் பட்டறையின் மானம்தான் போகும்.

ஒவ்வொரு வருகைக்கும் ஒரு ஜாப் கார்டு. அதன் கீழே புகார் வரிகள், வேலை வரிகள், பாக வரிகள். பாக வரியில் விலையும் எண்ணிக்கையும் போதாது, பொருள் எங்கிருந்து வந்தது என்றும் வேண்டும். கம்பெனி ஒரிஜினலா, வேறு பிராண்டா, கழற்றிச் சுத்தம் செய்து அதையே மாட்டியதா, வாடிக்கையாளரே கடையில் வாங்கிக் கொடுத்ததா. கடைசியில் சொன்னது நம் ஊரில் நிறைய நடக்கும். லேபர் மட்டும் பட்டறைக்கு. அவர் வாங்கி வந்த கிளட்ச் பிளேட் ஒரு மாதத்தில் தேய்ந்துவிட்டால் பேச்சு பட்டறை மேல்தான் வரும். பில்லிலேயே ‘வாடிக்கையாளர் கொடுத்த பாகம்’ என்று அச்சாகியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இனி நினைவூட்டலுக்கு வருவோம். நீங்கள் வரைந்ததில் ‘அடுத்த சர்வீஸ் தேதி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து ஒரு தேதியைப் போட்டு நிரப்பிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் அது பல் டாக்டர் அனுப்பும் மெசேஜ் மாதிரிதான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வண்டியோடு வரும் புத்தகத்தில் எப்போதும் இரண்டு எல்லை இருக்கும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது. இரண்டையும் கணக்கில் எடுக்க உங்களுக்குத் தேவை ஒவ்வொரு வருகையிலும் ஒரு மீட்டர் ரீடிங், அவ்வளவே. முதல் ஸ்க்ரீனில் மீட்டர் போட்டோ கேட்டது இதற்குத்தான்.

ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். ஒரு வண்டி ஜனவரி 10-ல் வந்தபோது 18,400 கி.மீ. ஏப்ரல் 10-ல் 20,650. அதாவது 90 நாளில் 2,250, ஒரு நாளைக்கு 25 கி.மீ. ஏப்ரலில் ஆயில் மாற்றியாயிற்று. அந்த வண்டிக்கு எல்லை 3,000 கி.மீ. அல்லது 6 மாதம் என்று வைத்துக்கொள்வோம். 3,000-ஐ 25-ஆல் வகுத்தால் 120 நாள், ஆகஸ்ட் 8. மாதக் கணக்குப்படி அக்டோபர் 10. முந்தியது ஆகஸ்ட் 8, ஒரு வாரம் முன்னால் மெசேஜ் போகட்டும். அதே மாடல் வண்டியை வைத்து அண்ணா நகரிலிருந்து தெப்பக்குளம் வரை காலையில் நடைப்பயிற்சிக்குப் போய்வரும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நாளைக்கு 5 கி.மீ. என்றால் கிலோமீட்டர் கணக்கில் 600 நாள் ஆகும். அவருக்கு அக்டோபர் 10 தான். சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் நாளைக்கு 100 கி.மீ. ஓட்டினால் அவனுக்கு ஒரே மாதம். மூன்று பேருக்கும் ஒரே தேதியில் மெசேஜ் அனுப்பும் ஆப்பை மூன்று பேருமே நம்ப மாட்டார்கள்.

எல்லையை வண்டிக்கு வைக்காமல் வேலைக்கு வையுங்கள். ஆயிலுக்கு ஒன்று, ஏர் ஃபில்டருக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று, செயினுக்கு ஒன்று. டிஸ்க் பிரேக் ஆயில், வண்டி ஓடாவிட்டாலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கெடும், அதற்கு மாதக் கணக்குதான் முக்கியம். தொடக்க எண்களைக் கம்பெனி புத்தகத்திலிருந்து போடுங்கள், ஆனால் மாமா அதை மாற்றிக்கொள்ள வழி வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் புத்தகத்தில் சொன்ன காலம் வராது என்று அவருக்குத் தெரியும்.

மீட்டர் ஓடாத வண்டிகளுக்கும் வழி செய்யுங்கள். பழைய வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து பல மாதம் ஆகியிருக்கும். ‘மீட்டர் வேலை செய்யவில்லை’ என்று ஒரு பட்டன் இல்லாவிட்டால், அவசரத்தில் பையன் ஏதோ ஓர் எண்ணைத் தட்டிவிடுவான், உங்கள் சராசரிக் கணக்கு மொத்தமும் பாழ். அதே மாதிரி புது மீட்டர் மாட்டினால் ரீடிங் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முந்தைய ரீடிங்கைவிடக் குறைந்தால் ‘மீட்டர் மாற்றினீர்களா’ என்று கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னால் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் டிராக்டர் பட்டறைகளுக்கும் விற்க நினைத்தால், அங்கே கிலோமீட்டரே இல்லை, இன்ஜின் ஓடிய மணி நேரம்தான் கணக்கு. ரீடிங்குக்கு அருகில் அலகு என்று ஒரு கட்டத்தை இன்றே போட்டுவைத்தால் அன்றைக்குத் தலைவலி இல்லை.

ஓபிடி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். காரில் இருக்கும் 16 பின் சாக்கெட் டூ வீலரில் இருக்காது. பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு டூ வீலர்களிலும் ஓபிடி உண்டு என்றாலும் மாடலுக்கு மாடல் இணைப்பு வேறுபடும். கார்களிலும் சந்தையில் கிடைக்கும் ப்ளூடூத் கருவியை மாட்டினால் பழுதுக் குறியீடு, இன்ஜின் சூடு எல்லாம் வரும். உங்களுக்கு வேண்டிய ஓடோமீட்டர் ரீடிங் பெரும்பாலான பழைய கார்களில் அந்தப் பொது வழியில் வராது. ஒரு போட்டோ அதைவிட மலிவு.

பட்டறைச் சண்டைகளில் பாதி நடுவில் வரும் கூடுதல் வேலையால் வருவது. பதினொரு மணிக்கு இன்ஜினைத் திறந்து பார்த்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். மாமா போன் அடிப்பார். வாடிக்கையாளர் மீட்டிங்கில் இருப்பார், எடுக்க மாட்டார். மாற்றாமல் விட்டால் மறுபடி திறக்க வேண்டும், மாற்றினால் “நான் சொல்லவே இல்லையே”. இதற்கு ஆப்பில் ஒரு பட்டன் போதும்: தேய்ந்த பிளேட்டைப் போட்டோ எடுத்து, தொகையைப் போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ‘மாற்றலாம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பதில். பதில் எந்த நேரத்தில் வந்தது என்று ஜாப் கார்டில் ஏற வேண்டும். வேண்டாம் என்றாலும் ஏற வேண்டும், முக்கியமாக பிரேக் விஷயத்தில். “பிரேக் ஷூ மாற்றச் சொன்னோம், வேண்டாம் என்றார்” என்ற வரி பட்டறைக்குப் பெரிய பாதுகாப்பு. வண்டிக்காரர் உங்கள் ஆப்பைப் போட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மெசேஜ் அனுப்புவதில் சில நடைமுறைகள் உண்டு. எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்பே பதிய வேண்டும். பதியாத வாசகம் போகாது. வாட்ஸ்அப்பின் வணிக இணைப்பில், நாமாக முதலில் அனுப்பும் மெசேஜுக்கு அனுமதி பெற்ற வாசகம் வேண்டும், வாடிக்கையாளர் பதில் போட்டால் 24 மணி நேரம் சாதாரணமாகப் பேசலாம். ஒரு பட்டறைக்கு இதெல்லாம் தொடக்கத்திலேயே தேவையில்லை. வாசகத்தை ஆப் தயார் செய்து மாமாவின் சொந்த வாட்ஸ்அப்பைத் திறந்துவிடட்டும், அவர் அனுப்பு என்று தட்டினால் போதும். செலவும் இல்லை, தெரிந்த நம்பரிலிருந்து வருவதால் வாடிக்கையாளரும் படிப்பார். ஆனால் பதில் ஜாப் கார்டில் தானாக ஏறாது, மாமாதான் தட்ட வேண்டும். பத்துப் பட்டறை சேர்ந்த பிறகு முறையான இணைப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வண்டிக்காரருக்கு உண்மையிலேயே பயன்படும் இன்னொன்று, காகிதங்களின் தேதி. இதிலும் ‘இன்சூரன்ஸ் தேதி’ என்று ஒரே கட்டம் போட்டுவிடாதீர்கள். 2018 செப்டம்பர் முதல் புது டூ வீலருக்கு 5 வருடத்துக்கும் புது காருக்கு 3 வருடத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி பலருக்கு ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ‘ஐந்து வருடம் இன்சூரன்ஸ் இருக்கிறது’ என்று நம்பிக்கொண்டிருப்பவர் வண்டி விழுந்த பிறகுதான் தன் பகுதி எப்போதோ முடிந்ததைத் தெரிந்துகொள்கிறார். இரண்டு தேதி, இரண்டு நினைவூட்டல். புகைச் சான்றிதழ் பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஒரு வருடம், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம். சொந்த வண்டியின் ஆர்சி 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆட்டோ, குட்டியானை மாதிரி வாடகை வண்டிகளுக்கு எஃப்சி என்ற தகுதிச் சான்றிதழ். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, பிறகு வருடா வருடம். ஆட்டோக்காரருக்கு எஃப்சி தேதி தவறினால் அன்றைய பிழைப்பு போகும், அதனால் இந்த மெசேஜை அவர் நிச்சயம் படிப்பார். தேதிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆர்சி போட்டோவெல்லாம் வாங்கி உங்கள் சர்வரில் அடுக்காதீர்கள். அதற்கு டிஜிலாக்கர் இருக்கிறது.

நேரம் பதிவு செய்யும் வசதியைப் பற்றிச் சுருக்கமாக: பத்து மணி, பத்தரை மணி என்று கட்டம் பிரிப்பது இங்கே நடக்காது. எல்லோரும் காலையில் விட்டு சாயந்திரம் எடுப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி எடுக்க முடியும் என்ற எண்ணிக்கை மட்டும் போதும். அந்த எண்ணை மாமா தினமும் மாற்ற முடிய வேண்டும், ஏனென்றால் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் ஊரிலுள்ள அத்தனை வண்டியும் சர்வீஸுக்கும் வாட்டர் வாஷுக்கும் வந்து நிற்கும், சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு வேலைக்குப் பையன்களே இருக்க மாட்டார்கள். கார் பட்டறை என்றால் கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குப் போகும் வண்டிகள். நினைவூட்டல் கணக்கு ஆயுத பூஜை வாரத்தில் போய் விழுந்தால் பத்து நாள் முன்னுக்குத் தள்ளிவிடுங்கள், பட்டறைக்காரர் உங்களை வாழ்த்துவார்.

தொழில்நுட்பத்தில் மூன்று விஷயம் போதும். பட்டறை ஷட்டருக்கு உள்ளே சிக்னல் சரியாக இருக்காது, ஆகவே எல்லாம் முதலில் போனிலேயே சேமிக்கப்பட்டு, நெட் கிடைக்கும்போது சர்வருக்குப் போக வேண்டும். முதலாளி போனிலும் பையன் போனிலும் ஒரே நேரத்தில் நெட் இல்லாமல் ஜாப் கார்டு போட்டால் இரண்டுக்கும் ஒரே எண் விழும். போனுக்கு ஓர் எழுத்தைச் சேர்த்து ஏ-101, பி-101 என்று போய்விடுங்கள். நினைவூட்டல்களை போனில் அலாரமாக வைக்காமல் சர்வரிலிருந்து அனுப்புங்கள். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பல போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும், ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷன் காட்டுவதற்கே பயனாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். போட்டோக்களைச் சுருக்கி அனுப்புங்கள். மீட்டர் எண் படிக்க முடிந்தால் போதும், அதில் அழகு பார்க்க யாரும் இல்லை. ஆப் எழுதும் கருவியாக ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. உங்கள் மூவருக்கும் எது கை வருகிறதோ அது. ஐஃபோன் இப்போது வேண்டாம், மாமா கையில் இருப்பதும் பையன்கள் கையில் இருப்பதும் ஆண்ட்ராய்டுதான்.

பில்லில் லேபர் தனி, பாகம் தனி. வரி விகிதத்தை புரோகிராம் கோடில் நேரடியாக எழுதாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று அட்டவணையில் வையுங்கள். உதிரி பாகங்களில் பலவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனபோது, கோடில் எழுதியவர்களெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் விட வேண்டியிருந்தது. ஆண்டுக்கு 20 லட்சம் வரவுக்குக் கீழே இருக்கும் சின்னப் பட்டறை ஜிஎஸ்டி பதிவே செய்திருக்காது, அவர் பில்லில் ஜிஎஸ்டி கட்டமே வரக் கூடாது. அப்புறம் கடன். ‘மிச்சம்’ என்ற கட்டம் இல்லாத பில் ஆப் நம் ஊரில் ஓடாது.

கடைசியாக, யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. பட்டறைக்காரர்களுக்கு ஆப் மேல் இரண்டு பயம். ஒன்று, தினசரி வரவு வேறு யாருக்காவது தெரிந்துவிடும். மொத்தத் தொகை காட்டும் ஸ்க்ரீனை ரகசிய எண் போட்டால்தான் திறக்கும்படி வையுங்கள், பையன்கள் ஜாப் கார்டை மட்டும் பார்க்கட்டும். இரண்டாவது பயம் இன்னும் நியாயமானது: இருபது வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளர் போன் நம்பர்களை இந்த ஆப்காரன் பக்கத்துப் பட்டறைக்கு விற்றுவிடுவான். நீங்கள் நினைத்திருந்த ‘அருகிலுள்ள பட்டறைகளைக் காட்டு’ ஸ்க்ரீனைப் பார்த்ததும் அவர் மனதில் ஓடுவது அதுதான். அந்த ஸ்க்ரீனை எடுத்துவிடுங்கள். முழு விவரத்தையும் எக்செல் கோப்பாக எப்போது வேண்டுமானாலும் அவரே இறக்கிக்கொள்ளும் பட்டனை முதல் நாளே காட்டுங்கள்.

எப்படித் தொடங்குவது என்றால், ஒரு மாதம் நோட்டும் ஆப்பும் சேர்ந்தே ஓடட்டும். தினமும் சாயந்திரம் இரண்டையும் பக்கத்தில் வைத்து, நோட்டில் இருந்து ஆப்பில் இல்லாதது எது என்று பாருங்கள். அதுதான் மறுநாள் வேலை. மூன்று மாதம் ஆனதும் முதல் நினைவூட்டல்கள் போகும். அதைப் பார்த்து எத்தனை வண்டி திரும்பி வந்தது என்று மாமாவுக்கே தெரியும்.

விலையை அதற்குப் பிறகு பேசுங்கள். மாதச் சந்தா என்றால் மாதா மாதம் கேட்டு அலைய வேண்டும், அவருக்கும் எரிச்சல். வருடத்துக்கு ஒரு தொகை, ஒரு ஜெனரல் சர்வீஸ் லேபரைப் போல ஆறேழு மடங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு நல்ல நேரம் ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், அப்போதுதான் பட்டறையில் காசும் இருக்கும், உட்கார்ந்து பேச நேரமும் இருக்கும்.